கைத்தொழில் பயிற்சி எப்போது வருமானமாகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி வேலியிலோ அடிக்கடி ஒரு பேனர் தொங்கும். மகளிருக்கு இலவசத் தையல் பயிற்சி, கேக் செய்யும் பயிற்சி, அழகுக்கலைப் பயிற்சி என்று ஏதாவது ஒன்று. பேர் கொடுக்கப் பெண்களுக்குப் பஞ்சமே இருக்காது. வகுப்பு முடியும், நற்சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து அதே பெண்களிடம் "என்னம்மா, தையல் ஓடுதா?" என்று கேட்டால், "தங்கச்சி பிள்ளைக்கு ஒரு பாவாடை தைச்சுக் கொடுத்தேன்க்கா" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

அந்தப் பெண்களிடம் அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. கற்றுக்கொண்ட கைவேலைக்கும் கையில் வந்து சேரும் காசுக்கும் நடுவே சில படிகள் இருக்கின்றன. பெரும்பாலான வகுப்புகள் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. மற்ற படிகளை முதன்முறையாகக் கேட்பவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், தோட்டத்துப் பெண்ணுக்கு இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு அவசரம் என்று பார்ப்போம். ரப்பர் காலத்தில் பெண்கள் வேலை செய்யாமல் வீட்டில் இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டியவர்களில் நம் பாட்டிகளும் அம்மாக்களும் இருந்தார்கள். ஆனால் அந்த வேலையோடு எல்லாம் பின்னிக் கிடந்தது. வரிசையாகக் கட்டிய லயத்து வீடு தோட்டத்துடையது. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதை அனுபவித்தன. சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வைத்ததற்குப் பின்னால் இருந்ததும் இந்தத் தோட்டத் துண்டாடல்தான்.

பிறகு ரப்பர் போய் செம்பனை எனும் எண்ணெய்ப் பனை வந்தது. குலை வெட்டுவது ஆண்களின் வேலையானது. பெண்களுக்குக் கிடைத்தது உதிரிப்பழம் பொறுக்குவதும், உரம் போடுவதும், முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு களைக்கொல்லி மருந்து அடிப்பதும். அப்படி அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதற்குள் எத்தனை பெண்கள் நகக்கண் கறுத்து, மூச்சு வாங்கி வேலையை விட்டார்கள் என்பது அந்தந்தக் குடும்பங்களுக்குத்தான் தெரியும். அந்நியத் தொழிலாளர்கள் வந்த பிறகு இந்த வேலைகளும் குறைந்தன. குடும்பங்கள் பட்டணத்தை ஒட்டிய தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. இருபது வருடம் பால் மரம் வெட்டிய கைக்கு அங்கே என்ன மதிப்பு? கைத்தொழில் பயிற்சியின் தேவை இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இரண்டு வகைப் பயிற்சி

பயிற்சி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று குறுகிய காலப் பயிற்சி. ஒரு நாளில் தொடங்கி சில வாரங்கள் வரை போகும். கோயில் மண்டபத்தில் நடப்பதும், சமூகக் கல்லூரி எனப்படும் கோலேஜ் கொமுனிட்டியில் நடப்பதும் பெரும்பாலும் இந்த வகை. சமூகக் கல்லூரிகள் 2001 முதல் நாட்டில் இயங்கி வருகின்றன, சுங்கை சிப்புட்டிலும் ஒன்று இருக்கிறது. ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம் தேறாதவரும் இந்த வகுப்புகளில் சேரலாம் என்பது பெரிய வசதி.

இன்னொன்று எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மனிதவள அமைச்சைச் சேர்ந்த திறன் மேம்பாட்டுத் துறை இதை வழங்குகிறது. மொத்தம் ஐந்து நிலைகள். முதல் மூன்றும் எஸ்கேஎம், நான்காவது திறன் டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. முதல் நிலை என்றால் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல வேலை செய்யத் தெரியும் என்று பொருள். மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டால் மற்றவர்களை வைத்து வேலை வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்கு எடுப்பவர் கேட்பது இந்தச் சான்றிதழைத்தான். மண்டபத்தில் கொடுத்த நற்சான்றிதழ், வகுப்புக்கு வந்தார் என்பதை மட்டும் சொல்கிறது. இந்த வித்தியாசத்தை வகுப்பின் முதல் நாளே சொல்லிவிட்டால் பல பெண்களின் ஏமாற்றம் மிச்சமாகும்.

நம் பெண்களில் நிறைய பேருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. பிபிடி என்பார்கள், முன் அனுபவத்துக்கு அங்கீகாரம் கொடுக்கும் முறை. பதினைந்து வருடமாக வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிற ஒரு பெண் மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்ப்பதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அந்தத் தொழிலுக்கான தேசியத் தர அளவு என்ன கேட்கிறதோ, அதையெல்லாம் தனக்குச் செய்யத் தெரியும் என்பதற்கான சாட்சியங்களை ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். அளவு எடுத்த நோட்டுப் புத்தகம், வெட்டும்போதும் தைக்கும்போதும் எடுத்த படங்கள், முடித்த துணிகள், கொடுத்த ரசீதுகள் எல்லாம் அதில் போகும். மதிப்பீட்டாளர் நேரில் பார்த்துக் கேள்வி கேட்பார். தேறினால் எஸ்கேஎம் கிடைக்கும்.

இதில் நம் பெண்கள் தயங்குவது தையலைக் கண்டு இல்லை, பாரத்தைக் கண்டு. கோப்பைப் பெரும்பாலும் மலாயில் எழுத வேண்டியிருக்கும். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தி, பெரட்டுக்குப் போன ஒருவருக்கு அது மலைப்பாக இருப்பது இயல்பு. வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கிற மகளோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது. பயிற்சி நடத்துகிற சங்கங்கள் புதிதாக ஒரு வகுப்பு தொடங்கும் செலவில் பாதியை, ஏற்கெனவே தொழில் தெரிந்த பெண்களுக்குக் கோப்பு எழுதிக் கொடுப்பதில் போட்டால் பலன் சீக்கிரம் தெரியும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு ரவிக்கையின் கணக்கு

இனி வகுப்புகள் கிட்டத்தட்டத் தொடாத பகுதிக்கு வருகிறேன். விலை வைப்பது. இது தெரியாமல்தான் அதிகம் பேர் தொழிலை விடுகிறார்கள்.

லைனிங் வைத்த சேலை ரவிக்கை ஒன்றுக்கு ஒரு பெண் 35 ரிங்கிட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். லைனிங் துணி 6 ரிங்கிட். நூல், ஊக்கு, பைப்பிங் எல்லாம் சேர்த்து 3 ரிங்கிட். மின்சாரம், மிஷின் தேய்மானம், ஊசி உடைவதற்கு 2 ரிங்கிட். ஆக 11 போக, மீதி 24. "ஒரு ரவிக்கைக்கு 24 வெள்ளி லாபம்" என்று அவர் நினைப்பார். இப்போது நேரத்தைப் பார்ப்போம். அளவு எடுத்து, எந்தக் கழுத்து, எந்தக் கை என்று பேசி முடிக்க அரை மணி. வெட்ட முக்கால் மணி. தைக்க இரண்டரை மணி. கையால் ஊக்கு வைத்து, ஓரம் அடித்து, இஸ்திரி போட முக்கால் மணி. போட்டுப் பார்த்து "இடுப்புல கொஞ்சம் பிடிங்க" என்று திரும்பி வருவதைச் சரிசெய்ய அரை மணி. கூட்டினால் 5 மணி நேரம். 24 ரிங்கிட்டை ஐந்தால் வகுத்தால் மணிக்கு 4 ரிங்கிட் 80 சென்.

2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். கண்ணைக் கொடுத்துத் தைக்கிற பெண் அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறார், அவ்வளவுதான். அந்த 24 ரிங்கிட் அவருடைய கூலி. அதுவும் குறைந்த கூலி. லாபம் என்று அதில் எதுவுமே இல்லை.

அதே ரவிக்கைக்குக் குறைந்தபட்சக் கூலியாவது கிடைக்க வேண்டுமானால், 5 மணிக்கு 43 ரிங்கிட் 60 சென், சாமான் செலவு 11, மொத்தம் 54 ரிங்கிட் 60 சென் வாங்க வேண்டும். "இவ்வளவு கேட்டா யார் தருவா?" என்பார்கள். சரி, கை வேகம் கூடி அதே வேலையை மூன்றரை மணியில் முடித்தால்? கூலி 30 ரிங்கிட் 52 சென், செலவோடு சேர்த்து ஏறக்குறைய 42 ரிங்கிட். இது ஊரில் தருகிற விலைதான். பத்து நாள் வகுப்பு தைக்கக் கற்றுக்கொடுக்கிறது. ஒன்றரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும் வேகம் பல ரவிக்கைகளைத் தைத்த பிறகுதான் வரும். அதனால்தான் வகுப்பு முடிந்ததும் இரண்டு மூன்று மாதம் ஒரு தையல் கடையிலோ அனுபவமுள்ள அக்காவிடமோ உட்கார்ந்து தைப்பது அவசியம் என்கிறேன். அரசாங்கமே தேசிய இரட்டைப் பயிற்சி முறை என்று ஒன்றை நடத்துகிறது. அதில் 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலை இடத்திலும் மீதி வகுப்பிலும் நடக்கும். அந்த விகிதத்தில் நியாயம் இருக்கிறது.

விலை சொல்வதில் இன்னொரு சங்கடம், நம் ஆட்களுக்கே உரியது. வருகிறவர் சொந்தக்காரராக இருப்பார், இல்லையென்றால் முன்பு ஒரே லயத்தில் இருந்தவர்.

"நம்ம பிள்ளைதானே, பார்த்துப் போடும்மா."

"சரிங்கத்தை, இருக்கிறதைக் கொடுங்க."

இந்த இரண்டு வரியில் ஐந்து மணி நேர உழைப்பு போய்விடும். விலைப் பட்டியலை எழுதி மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுவது நல்லது. அத்தைக்குக் குறைத்துக் கொடுக்க மனம் வந்தால் கொடுக்கலாம். பட்டியல் இருக்கும்போது எவ்வளவு குறைக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியும்.

பருவத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தீபாவளிக்கு முன் தூங்க நேரம் இருக்காது, ஆடியில் மிஷின் தூசி படியும். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தைக்கக் கற்றுக்கொண்ட பெண்களுக்கு ஹரிராயா பெருநாள் என்ற இன்னொரு பருவம் சேர்ந்துகொள்கிறது. பக்கத்துக் கம்போங்கில் இருந்தும் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களிடம் இருந்தும் வருடம் முழுக்க ஆர்டர் வரும். தமிழர் வீட்டுக் கல்யாணங்களை மட்டும் நம்பித் தொழில் தொடங்குவதைவிட இது பல மடங்கு பாதுகாப்பு. அப்படியும் நம் தையல் வகுப்புகளில் பாஜு கூரோங் இடம்பெறுவது அபூர்வம்.

சொந்தத் தொழிலா, சம்பள வேலையா?

பயிற்சி முடித்த பெண் எல்லாரும் தொழில்முனைவர் ஆக வேண்டும் என்று மேடையில் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1,700 ரிங்கிட் சம்பளத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு முதலாளி இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில் 221 ரிங்கிட் போட வேண்டும், அவர் சம்பளத்திலிருந்து 187 ரிங்கிட் போகும். மாதம் 408 ரிங்கிட் சேமிப்பு. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு. 2023 முதல் 98 நாள் பிரசவ விடுப்பு உண்டு. வீட்டில் இருந்து தைப்பவருக்கு இதில் எதுவும் தானாகக் கிடைக்காது. கடன் தலைக்குமேல் இருக்கும் குடும்பத்துக்கு முதல் இரண்டு வருடம் மாதச் சம்பளம்தான் மூச்சு விட இடம் கொடுக்கும். தொழிலைப் பிறகு தொடங்கலாம்.

சம்பள வேலைக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் பிள்ளையும் பஸ்ஸும்தான். தோட்டத்துக்குள் வரும் பஸ்ஸை நம்பி எட்டு மணி வேலைக்குப் போக முடியாது. அதனால் மோட்டார் லைசென்ஸையும் நான் கைத்தொழில் பயிற்சியில்தான் சேர்ப்பேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதே ஒரு தொழிலாகவும் ஆகலாம். பழைய ஆயாக் கொட்டகையில் ஒரு ஆயா செய்ததைத்தான் இன்றைக்குத் தஸ்கா என்கிறார்கள். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நால்வர் அல்லது அதற்கு மேல் இருந்தால் சமூகநலத் துறையில் பதிய வேண்டும். பத்துக்குக் குறைவான பிள்ளைகளை வீட்டிலேயே வைத்து நடத்தவும் இடமுண்டு. பராமரிப்பாளருக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்த ஒரு பெண், தான் சம்பாதிப்பதோடு இன்னும் பல பெண்களை வேலைக்கு அனுப்பி வைக்கிறார். நாட்டில் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு சுமார் 56 விழுக்காடு, ஆண்களுடையது 80ஐத் தாண்டுகிறது. இந்த இடைவெளியில் பிள்ளை வளர்ப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

முதலீடும் பதிவும்

சொந்தத் தொழில்தான் என்று முடிவெடுத்தால் அடுத்த கேள்வி முதலீடு. அமானா இக்தியார் மலேசியா 1987 முதல் சிறுகடன் கொடுக்கிறது. 1986இல் வடமேற்கு சிலாங்கூரில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி முறையில் வளர்ந்தது. சொத்து அடமானம் கேட்பதில்லை, பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பார்கள். இந்தியப் பெண்களுக்காகவே 'பெண்' என்ற பெயரில் ஒரு திட்டம் 2024இல் 5 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டோடு அதன் கீழ் வந்தது. தெக்குன் என்ற அரசாங்கக் கடன் நிறுவனத்திலும் இந்தியச் சமூகத்துக்கு ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருக்கிறது.

ஆனால் வாடிக்கையாளர் வருமுன் கடன் வாங்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் போட்டு எம்பிராய்டரி மிஷின் வாங்கி, மாதத் தவணை கட்ட முடியாமல் ஆலோங் எனும் கந்துவட்டிக்காரரிடம் போன கதைகள் நம் தாமான்களில் இல்லாமல் இல்லை. பழைய மிஷினில் மாதம் பதினைந்து ரவிக்கை தைத்துக் கொடுக்க முடிகிறது, அதற்கு மேல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறோம் என்ற நிலை வரட்டும். கடன் அப்போது கைகொடுக்கும்.

பதிவு பற்றிச் சுருக்கமாக: தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனும் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிய வேண்டும். ஐசி எனும் அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வேறு வணிகப் பெயர் என்றால் 60. முறுக்கு, கேக் போன்ற உணவுத் தொழிலுக்கு 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைப்படி உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும். கடன் விண்ணப்பத்துக்கும் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் இடத்துக்கும் இந்தத் தாள்களைத்தான் முதலில் கேட்பார்கள்.

காசு யார் கைக்குப் போகிறது?

ஒரு பெண் மாதம் 900 ரிங்கிட் சம்பாதிக்கிறார், அது முழுக்கக் கணவரின் கணக்கில் விழுகிறது, பள்ளிப் பேருந்துக் கட்டணத்துக்கு அவரிடமே கையேந்த வேண்டியிருக்கிறது என்றால், அந்த வீட்டில் வருமானம் கூடியிருக்கிறது, அவ்வளவே. பொருளாதாரச் சுதந்திரம் என்பது தன் உழைப்பின் காசைப் பற்றித் தானே முடிவெடுக்க முடிவது. அதற்கு முதல் தேவை அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. வாடிக்கையாளர் கியூஆர் கோடில் கட்டும் பணம் அந்தக் கணக்குக்கு வர வேண்டும். பிள்ளையின் போனில் உள்ள கணக்குக்கு வரக் கூடாது. இது வீட்டில் சண்டை மூட்டும் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கணவர் திடீரென்று படுத்துவிட்டால் அந்தக் கணக்குதான் குடும்பத்தைத் தாங்கும் என்று எடுத்துச் சொன்னால் பல ஆண்களுக்கும் புரிகிறது.

அடுத்தது முதுமைக்கான சேமிப்பு. சொந்தத் தொழில் செய்கிறவர் இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் முடிந்தபோது முடிந்ததைப் போடலாம். 2025 முதல் போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துக் கொடுக்கிறது, வருடத்துக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட். வருடத்தில் 2,500 ரிங்கிட் போட்டால் அந்த 500ம் முழுதாக வரும். வீட்டோடு இருக்கிற பெண்களுக்கு சொக்சோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது, சந்தா வருடத்துக்கு 120 ரிங்கிட். கூட்டு எனும் சீட்டுக்கு மாதம் 100 ரிங்கிட் தவறாமல் கட்டும் நம் பெண்களுக்குச் சேமிக்கும் பழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் ஒரு பகுதியை இங்கே திருப்பிவிட்டால் போதும்.

ஆகவே அடுத்த முறை பேனரைப் பார்த்துப் பேர் கொடுக்கப் போகிறவர்கள் ஏற்பாட்டாளரிடம் தயங்காமல் கேளுங்கள். முடிவில் கிடைப்பது எஸ்கேஎம்மா, வருகைச் சான்றிதழா? விலை போடவும் கணக்கு எழுதவும் சொல்லித் தருவீர்களா? வகுப்புக்கு அப்புறம் கடையில் உட்கார்ந்து பழக இடம் பிடித்துத் தருவீர்களா? கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? போன வருடம் முடித்தவர்களில் இன்றைக்குச் சம்பாதிக்கிற ஒருவரோடு எங்களைப் பேச வைப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு உடனே ஒரு போன் எண்ணை எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டாளரின் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.